ஒன்றரை அங்குலம்

முனீப் நானாவின் அலுமினியக் கடையில் வீடு வீடாகப் போய் அளவெடுப்பவள் சிவாஜினி. டேப்பின் மறுமுனையைப் பிடிப்பவள் நான், கௌசிகா. திருகோணமலைக் கடற்காற்று இரும்பையும் விடாது, மரத்தையும் விடாது. மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும். அதனால் பழைய கதவு ஜன்னலைக் கழற்றிவிட்டு அலுமினியத்தில் போடுகிறவர்களுக்கு இங்கே குறைவில்லை.

சிவாஜினிக்கு அந்த டேப் சும்மா கிடைக்கவில்லை. முன்பு அளவெடுத்தவர் கட்டாருக்குப் போனதும், "நான் போறன்" என்று முன்னால் வந்து நின்றாள். கடையே சிரித்தது. ஏணியில் ஏறுவாளா, வெயில் தாங்குவாளா என்று ஆளுக்கொரு கதை. அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சம்பூர்க்காரி, பிடித்தால் பிடித்ததுதான். ஒவ்வொரு வாசலையும் மூன்று இடத்தில் அளந்து, அதில் குறைந்த அளவைத்தான் எடுப்பாள்.

போன மாதம் கிண்ணியாவில் ஸுல்பிகா ராத்தாவின் வீட்டு முன்கதவு வேலை வந்தது. மகள் ஷிஃபானாவுக்குக் கல்யாணம். எங்கள் பக்க வழக்கப்படி வீடு மகளுக்குத்தானே, அதைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். பழைய மர நிலையைக் கழற்றிய பிறகு அளந்துகொண்டு வந்தோம். கல்யாணம் நெருங்கும்போது முனீப் நானாவும் நாங்களுமாகக் கதவைக் கொண்டுபோய் வாசலில் வைத்தோம். உள்ளே போகவில்லை. உயரம் ஒன்றரை அங்குலம் கூடிவிட்டது.

ஹோலில் மாப்பிள்ளையின் வாப்பா இருந்தார். அவருக்கு முன்னால் முனீப் நானாவின் முகம் கறுத்துப்போனது.

"என்ன தங்கச்சி இது? கண்ண எங்க வச்சிட்டு அளந்தீங்க?"

"சரியாத்தான் அளந்தனான் நானா."

"கதவே சொல்லுதே! இனி நீங்க அளவுக்குப் போக வேணாம். கடையில இருங்க."

அவள் கையிலிருந்த டேப்பைப் பறித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். அத்தனை நாள் பாடுபட்டு வாங்கியதை ஒரு நொடியில் பிடுங்குவதா?

சிவாஜினி அழவில்லை. வாசலின் மேலே பார்த்தாள், பக்கத்தில் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். பளபளவென்று புது டைல்ஸ். நாங்கள் அளந்த அன்று அங்கே வெறும் சீமெந்துத் தரைதான் இருந்தது. நேரே பின் விறாந்தைக்கு நடந்தாள். கால் சட்டென்று கீழே இறங்கியது. அன்றைக்கு ஹோலும் விறாந்தையும் ஒரே மட்டம். டைல்ஸும் அதன் அடியில் போட்ட சாந்துமாக ஹோலின் தரை உயர்ந்திருந்தது.

ஸுல்பிகா ராத்தா அதைக் கவனித்துவிட்டார். அளவெடுத்த பிறகு டைல்ஸ் போட்டதை எங்களிடம் சொல்ல மறந்தவர் அவர்தான்; முகம் வெளிறியது. சம்பந்தி சற்று முன்புதான் "தரை நல்ல வடிவு" என்று பாராட்டியிருந்தார். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் துருதுருத்தது. சம்பந்திக்கு முன்னால் வேண்டாம் என்று சிவாஜினி என் கையைக் கிள்ளினாள்.

"நானா, வேர்த்துக் கொட்டுது. பின் விறாந்தையில பைப் இருக்கு, முகம் கழுவிட்டு வாங்க."

"முகம் கழுவுறதா இப்ப முக்கியம்?"

"ஓம். கழுவிட்டு வாங்க."

அவள் சொன்ன விதத்தில் மறுக்க ஏலாது. முணுமுணுத்துக்கொண்டே போனார். கால் இடறி, சுவரைப் பிடித்து நின்றார். கீழே குனிந்து அந்தப் புதுப் படியைப் பார்த்தார். நிமிர்ந்து சிவாஜினியைப் பார்த்தார். முகம் கழுவாமலே திரும்பி வந்தார்.

"டேப்பத் தாங்க நானா," என்று கையை நீட்டினாள்.

அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் ராத்தாவின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "இனித் தரையில ஒண்டும் போடமாட்டீங்கதானே?" என்று கேட்டாள்.

"இல்ல புள்ள," என்றார் ராத்தா. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சிவாஜினி மறுபடி அளக்க வாசலில் ஏணியை வைத்து ஏறினாள். வழக்கம்போலக் கீழ்முனையைப் பிடிக்க நான் குனிந்தேன். அதற்குள் முனீப் நானா அந்தப் புது டைல்ஸில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, அதைப் பிடித்துக்கொண்டார்.

"இழுங்க தங்கச்சி," என்றார். "நான் பிடிச்சிருக்கன்."