என் இரத்தத்தைச் சுழற்றிய நாட்கள்

அந்த வருடம் சோற்றை மெல்ல என்னால் முடியவில்லை. இரண்டு கவளம் போனதும் தாடை தொங்கிவிடும். கையால் முட்டுக்கொடுத்து மெல்வேன். தேத்தண்ணீர் மூக்கால் வந்தது. பின்னேரமானால் இமைகள் விழுந்துவிடும். கலியாணம் குழம்பிய கவலையில் நடிக்கிறாள் என்று குருநகரில் எங்கள் ஒழுங்கை முழுக்கக் கதை.

நடிப்பில்லை என்று முதலில் சொன்னவர் ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் அம்மா. என் இரத்தத்திலேயே ஊறிய ஏதோவொன்று, நரம்பு சொல்வதைத் தசைக்குக் கேட்கவிடாமல் மறிக்கிறதாம். சண்டையால் கப்பல் வராமல், அதற்கான மருந்துக் குளிசை தீர்ந்துபோயிருந்தது.

“இரத்தத்தை எடுத்துச் சுழட்டி, மேலை தெளியிற, அந்தக் கூடாத சாமான் கிடக்கிற மஞ்சள் தண்ணியை வீசிப்போட்டு, சிவப்பைத் திருப்பி ஏத்திப் பாக்கலாம், தங்கச்சி. வெளியிலை அதுக்கெண்டு பெரிய மெசின் இருக்கு. இங்கை பை பையா எடுத்து, கையாலை பிரிக்கிறதுதான். ஒருத்தருக்கும் இன்னும் செய்து பாக்கேல்லை.”

கூட வந்திருந்த அண்ணை எழும்பிவிட்டார். “உன்னிலை பழகப் போகினம். வா வீட்டை.”

“பழகட்டும். படுத்துக் கிடந்து சாகிறதுக்கு இது மேல்,” என்றேன். பாதிச் சொல் மூக்கால் போயிற்று. “என்ரை உடம்பு. நான் ஓம் எண்டிட்டன்.”

ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கையெழுத்து வைத்தேன்.

மின்சாரம் இல்லாத காலம். இரத்த வங்கியில் பைகளைச் சுழற்ற ஜெனரேற்றர் போட்டார்கள். என் பை என் கண்ணைவிட்டுப் போகக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். வேறு யாருடையதாவது மாறி ஏறினால்? தாதி சினந்தார். டொக்டர் அம்மா, “அவ கேக்கிறது சரி,” என்று என்னையும் தள்ளுகதிரையில் கூட்டிப்போனார்.

முதல் இரண்டு தரமும் ஒன்றும் நடக்கவில்லை. குளிர்ந்த இரத்தம் ஏறி நடுங்கியதுதான் மிச்சம்.

“காணும், பிள்ளை, நிப்பாட்டுவம்,” என்றார் அண்ணை. அழுதிருந்தார்.

“இன்னொருக்கா,” என்றேன்.

மூன்றாம் தரத்துக்கு மறுநாள், பாணைத் தேத்தண்ணீரில் தோய்க்காமல் கடித்து மென்றேன். விழுங்கினேன். பக்கத்துக் கட்டில்காரிக்கு முழுக் குரலில் கதை சொன்னேன். தாதி வந்து வாயை மூடச் சொன்னார். மூடவில்லை.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, இமை திரும்ப விழத் தொடங்கியது. இது மாற்றும் வைத்தியமல்ல, தள்ளிப்போடும் வைத்தியம் என்று டொக்டர் அம்மா முன்னமே சொல்லியிருந்தார். தள்ளிப்போடட்டும். அண்ணையின் சைக்கிளில் ஏறி, ஆஸ்பத்திரிக்கு நானே போய், அடுத்த தரத்துக்குக் கட்டில் கேட்டேன்.