எங்கள் தடுப்பு வரிசைக்கு ஒரு நடு ஆள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் என் அண்ணன் ஆர்வலோடு வேறு எதைப் பற்றியும் பேச முடியாது. மழை இல்லை, சோயா கருகுகிறது என்று ஊரே புலம்பிக்கொண்டிருக்கும். அவன் என் சாப்பாட்டுக் கடைக்கு வந்து, கவுண்டரில் கையை ஊன்றி உட்கார்ந்து, "நேடீன், நமக்கு நடுவுல ஆளே இல்ல" என்பான். நெருங்கிய சொந்தத்தில் யாருக்கோ உடம்பு முடியவில்லை என்பதைப் போல அத்தனை கவலையாகச் சொல்வான்.

"நமக்கு" என்றால் கேடோ ஸ்டேட் கல்லூரிக்கு. ஆர்வல் அங்கே படித்தவன் இல்லை. எங்கள் ஆர்கன்சா மண்ணில் பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு கோழித்தீவன லாரி ஓட்டப் போனவன், இன்றுவரை ஓட்டுகிறான். ஆனாலும் கேடோவின் கால்பந்து அணியை 'நாம்' என்றுதான் சொல்வான். "நாம போன வருஷம் எதிராளி ஓட்டத்தை நிறுத்தவே இல்ல" என்று அவன் அலுத்துக்கொண்டால், "உன் முட்டி ரெண்டு படி ஏறினாலே அழுவுது, நீ எங்க போய் நிறுத்தின?" என்று கேட்பேன். அவனுக்குக் கோபம் வராது. கேலி அவனுக்கு உறைப்பதில்லை, கேடோ தோற்பதுதான் உறைக்கும்.

இங்கே கால்பந்து என்றால் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. ஓடுகிறவனை எதிரணி விழுந்து அமுக்க வேண்டும். ஊர் ஜனம் முழுக்க ஓடுகிறவனையும் எறிகிறவனையும்தான் பார்க்கும். ஆர்வல் ஒருவன்தான் அமுக்குகிறவர்களைப் பார்ப்பான். அதிலும் தடுப்பு வரிசையில் நட்டநடுவே நிற்கும் குண்டனை.

"தாக்குதல் சினிமா மாதிரி. எல்லாரும் டிக்கெட் வாங்குவாங்க" என்பான். "தடுப்பு குடித்தனம் மாதிரி நேடீன். தெனமும் அதே வேலை, ஒருத்தரும் கைதட்ட மாட்டாங்க. நடுவுல நிக்கறவன் ஒரு அடி நகந்தான்னா வீடு மொத்தமும் ஒழுகும்."

அவன் மனைவி டார்லின் இருந்தவரை அவளும் மைதானத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டாள், பாவம். அவள் நுரையீரல் நோயில் படுத்துவிட்டபோது வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட நர்ஸ் யோலாண்டா மேப்ரி. கடைசி வாரத்தில் தன் வேலை நேரம் முடிந்த பிறகும் கிளம்பாமல், டார்லினின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளை இருக்கச் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவள் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஆர்வலின் குரல் கொஞ்சம் தணிந்துவிடும்.

அந்த யோலாண்டாவின் மகன் ஜமாரி. அப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, ஆனால் கால் மட்டும் நடனக்காரன் கால். வெள்ளிக்கிழமை ஆட்டங்களில் அவன் எதிராளிகள் இரண்டு பேருக்கு நடுவே நழுவிப் புகுந்து பந்தோடு நிற்கிறவனைத் தூக்கி எறிந்ததை ஆர்வல் என் கடையில் உப்பு ஜாடி, மிளகு ஜாடி, கெட்ச்அப் பாட்டிலை வைத்து எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறான். கேடோவுக்கு இல்லாத நடு ஆள் எங்கள் ஊர்த் தெருவிலேயே வளர்ந்து நின்றான். ஆர்வலுக்குக் கண்ணில் ஒளி வந்துவிட்டது.

ஆனால் ஒரு சங்கடம். கல்லூரிகள் ஆள் பிடிக்கும் இந்த விஷயத்தில் விதிமுறைகள் உண்டு. நல்ல இருக்கைக்காக ஆர்வல் வருடா வருடம் கேடோவுக்கு நன்கொடை கொடுக்கிறவன். அப்படிக் கொடுக்கிறவர்கள், பிடிக்கப் பார்க்கும் பையனிடம் போய் எங்கள் கல்லூரிக்கு வா என்று பேசக் கூடாது, அவனுக்கு ஒரு பர்கர்கூட வாங்கித் தரக் கூடாது. தந்தது தெரிந்தால் பையனுக்கே விளையாடத் தடை வரலாம். மற்றவர்கள் இதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். என் அண்ணன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். ஜமாரி என் கடைக்குள் நுழைந்தால் தட்டில் பாதிச் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சமையலறை வழியாக வெளியே போய்விடுவான்.

போன வருடம் ஆகஸ்டில் ஒருநாள் பேய்மழை. ஜமாரியின் வண்டி நெடுஞ்சாலையில் நின்றுபோய், பையன் நனைந்துகொண்டே நடந்து வந்திருக்கிறான். பின்னாலேயே ஆர்வல் லாரியில் வந்தான். ஏற்றிக்கொள்ளவில்லை. ஏற்றினால் அது 'சலுகை' ஆகிவிடுமாம். விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. அதனால் பையனுக்குப் பின்னால் லாரியை ஊர விட்டு, வேறு வண்டி எதுவும் அவன்மேல் மோதிவிடாதபடி விளக்கை எரிய விட்டபடி, ஊர் எல்லை வரைக்கும் கூடவே வந்திருக்கிறான். பையன் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறான். இதை ஆர்வலே பெருமையாக என்னிடம் சொன்னபோது கரண்டியால் ஒன்று போடலாமா என்றிருந்தது.

இரண்டு நாள் கழித்து, மதியக் கூட்டம் கலைந்த நேரத்தில், யோலாண்டா நர்ஸ் உடுப்போடு கடைக்கு வந்தாள். நேராக ஆர்வல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மிஸ்டர் ஆர்வல், என் பையன் காய்ச்சல்ல கெடக்கறான்."

"மன்னிச்சிருங்க யோலாண்டா. விதிமுறை அப்படி. அவன் பேரு கெட்டுடக் கூடாதேன்னுதான்."

"விதிமுறை" என்றாள் அவள். "நான் உங்க வீட்டுக்கு வந்தப்போ எந்த விதிமுறையைப் பாத்தேன்?"

ஆர்வல் தலை குனிந்துகொண்டான். நான் காபியை அவள் முன்னால் வைத்துவிட்டு, துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன். போக மனசில்லை, என் கடைதானே.

"சண்டை போட வரல" என்றாள் யோலாண்டா. "கேடோவும் கூப்பிடுது, ரெட் ரிவர் டெக்கும் கூப்பிடுது. வீட்டுக்கு வர்ற கோச்சுங்க எல்லாம் என் சோபாவுல உக்காந்து, நான் சுட்ட கேக்கை ருசி பாத்து, உங்க பையன்தான் எங்க எதிர்காலம்னு சொல்லிட்டுப் போறாங்க. எனக்கு இந்த ஆட்டம் தெரியாது. அவனுக்கு அப்பா இல்ல. உங்கள மாதிரி இதையே பாத்துட்டு இருக்கற ஆளு எனக்குத் தெரிஞ்சு வேற யாரும் இல்ல. எங்க அனுப்பட்டும்?"

ரெட் ரிவர் டெக் என்றால் எங்கள் ஜென்ம விரோதி. அந்தப் பெயரை என் கடையில் சொன்னால் சில பேர் காசை வைத்துவிட்டு எழுந்து போவார்கள். ஆர்வல் காபியைக் கலக்கினான். சர்க்கரையே போடாத காபியை அவன் கலக்கிக்கொண்டே இருந்தான். அவன் மனசுக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். அந்தப் பையன் கேடோவின் பச்சைச் சட்டையில் நடுவில் நிற்பதை அவன் ஏற்கெனவே ஆயிரம் தடவை பார்த்துவிட்டான். ஒரே ஒரு வார்த்தை போதும், அவள் அனுப்பிவிடுவாள்.

"கேடோவுக்கு அனுப்புங்கன்னு நான் சொல்லக் கூடாது" என்றான் கடைசியில். "சொன்னா பையனுக்குத்தான் வம்பு."

"சரி" என்று யோலாண்டா எழுந்தாள். முகம் விழுந்துவிட்டது.

"உக்காருங்க" என்றான் ஆர்வல். "வரவேண்டாம்னு சொல்லக் கூடாதுன்னு விதிமுறை எதுவும் கெடையாது."

கவுண்டருக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. பிறகு உப்பு ஜாடியையும் மிளகு ஜாடியையும் எடுத்து வைத்து அவளுக்கு விளக்க ஆரம்பித்தான்.

கேடோவின் தடுப்புப் பயிற்சியாளர் முன் வரிசையில் மூன்று பேரைத்தான் நிறுத்துகிறவர். அதில் நடு ஆளுக்கு வேலை என்னவென்றால், எதிரணியில் இரண்டு பேருடைய பாரத்தையும் தாங்கிக்கொண்டு அப்படியே நிற்பது. சுவர் வேலை. ஜமாரியோ நழுவி உள்ளே புகுகிற பையன். அவனைச் சுவராக்கினால் இரண்டு வருடத்தில் முதுகு போய்விடும், அவனிடம் இருக்கிற அந்தக் காலும் வீணாகிவிடும். அதுமட்டுமில்லை. இப்போது ஆட்டக்காரர்கள் வருடா வருடம் கல்லூரி விட்டுக் கல்லூரி தாவுகிறார்கள். கேடோ பயிற்சியாளர் பள்ளிப் பையன்களை வாங்கி வைத்துக்கொள்வார், ஆட்டம் வரும்போது வெளியிலிருந்து தாவி வரும் பெரிய பையன்களை இறக்குவார். அவர் வந்த பிறகு சேர்ந்த முன் வரிசைப் பையன்களில் ஒருவன்கூட இன்று அங்கே இல்லை.

"டெக்குல நாலு பேரை நிறுத்தறாங்க" என்றான் ஆர்வல். அந்தப் பெயரைச் சொல்லும்போது தொண்டையைச் செருமிக்கொண்டான். "உள்ள புகுந்து அடிக்கச் சொல்லிக் குடுக்கறாங்க. பையன்களைப் பொறுமையா வளக்கறாங்க. எனக்கு அவங்களைக் கண்டாலே ஆகாது, அது வேற விஷயம். உங்க பையனுக்கு அதுதான் எடம்."

யோலாண்டா அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்களுக்கு நடு ஆள் வேணும்னு நேடீன் சொல்லுவாங்களே" என்றாள்.

"வேணும்தான்" என்றான் ஆர்வல். "ரொம்ப வேணும்."

டிசம்பரில் பள்ளிக்கூட உள்ளரங்கத்தில் மேசை போட்டு, இரண்டு கல்லூரித் தொப்பிகளையும் வைத்து, எந்தக் கல்லூரி என்று ஊரறியச் சொல்ல ஜமாரியை உட்கார வைத்தார்கள். ஊரே பச்சைச் சட்டையில் வந்திருந்தது. பையன் பச்சைத் தொப்பிமேல் கையை வைத்து, பிறகு நகர்த்தி, டெக்கின் சிவப்புத் தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டினான். அவன் அம்மா மட்டும் கைதட்டினாள். அப்போது பின் வரிசையில் பச்சைக் கோட்டோடு எழுந்து நின்று ஆர்வல் தட்டினான். வேறு யாரும் தட்டவில்லை. முன்னால் இருந்தவர்கள் திரும்பி, புத்தி பிசகிவிட்டதா என்பதைப் போல அவனைப் பார்த்தார்கள். வெளியே வந்து வண்டியில் ஏறியதும் ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் என் அண்ணன் யோக்கியன், கெட்டிக்காரன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் மார்ச்சில் கேடோவின் தடுப்புப் பயிற்சியாளர் வேறு பெரிய கல்லூரிக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் முன் வரிசையில் நாலு பேரை நிறுத்துகிறவர். நழுவிப் புகுகிற நடு ஆள்தான் வேண்டும், அதுவும் பள்ளிப் பையன்களை வைத்தே ஆடுவேன் என்று சொன்னார். வெளியிலிருந்து தாவி வந்த இரண்டு பெரிய பையன்களும் வந்த வழியே தாவிப் போய்விட்டார்கள். இந்த ஆகஸ்டில் நடு இடம் காலி. டெக்கிலோ ஜமாரிக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள், இந்த வருடம் அவனுக்கு பெஞ்சுதான்.

ஆர்வல் கவுண்டரில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்து, இதைப் படித்துவிட்டு, மடித்து வைத்தான். இந்த ஆகஸ்டில் அவன் தடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் தொல்லை என்று இத்தனை வருடம் நினைத்திருந்த எனக்கு அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை.

யோலாண்டா சாப்பாடு வாங்க வந்தபோது அவனே எழுந்து அவள் முன்னால் போய் நின்றான்.

"நான் சொன்னது தப்பாப் போச்சு யோலாண்டா. இங்க வந்திருந்தா இந்த வருஷமே ஆடியிருப்பான். உங்க பையனை நான் பெஞ்சுல உக்கார வெச்சுட்டேன்."

"தெரியும். ஜமாரி போன்ல சொன்னான்."

"கோபமா?"

யோலாண்டா பொட்டலத்தைக் கவுண்டரில் வைத்தாள். "மிஸ்டர் ஆர்வல், என் சோபாவுல வந்து உக்காந்த அத்தனை பேருக்கும் என் பையன் வந்தா லாபம். சொன்னதுனால நஷ்டப்பட்டது நீங்க ஒருத்தர்தான். நாளைக்கு நடக்கப்போறது யாருக்குத் தெரியும்? யார் பேச்சை நம்பலாம்னுதான் நான் பாத்தேன். இப்பவும் உங்ககிட்டதான் வந்து கேப்பேன்."

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். அவள் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "நேடீன், முதல் சனிக்கிழமை நம்ம சீட்டுல நீ மட்டும் போய் உக்காந்துக்க" என்றான். "நான் டெக் ஆட்டத்துக்குப் போறேன்."

டார்லினை அடக்கம் செய்த வாரம்கூட கேடோ ஆட்டத்துக்குப் போனவன் என் அண்ணன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அவன் ஆடப்போறதே இல்லையே அண்ணா. உக்காந்துதானே இருப்பான்?"

"அதனாலதான் போறேன்" என்றான். "நான்தானே உக்கார வெச்சேன்."