சிவப்புக் கோட்டுக்குக் கீழே

கடலை ஆராய்கிறவர்களுக்கு மலையில் என்ன வேலை என்று நானும்தான் சந்தேகப்பட்டேன். ஆனாலும் அவர்களோடு போனேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, எம்பிலிப்பிட்டிய சந்தையில் மூட்டை தூக்கி, கொழும்பில் இரண்டு ஹோட்டல்களில் கோப்பை கழுவிச் சுற்றியதில் எனக்கு மிஞ்சியது நல்ல சிங்களம். கொடகவெலவுக்கு மேலே, என் அக்கா இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் மொழிபெயர்க்க ஆள் தேடுகிறார்கள் என்றதும் ஒத்துக்கொண்டேன்.

கொழும்பிலிருந்து வந்தவர் ஒரு பெண். எல்லோரும் மிஸ் என்றே கூப்பிட்டார்கள். தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் விட்டுவைக்கும் பிள்ளை மடுவத்துச் சுவரில் ஒரு பெரிய படத்தை ஒட்டினார். அதில் கடல் சிவப்பாக இருந்தது. கடல் சூடேறினால் ஈரம் அதிகமாக மேலே ஏறும், அது இந்த மலையில் மோதி ஒரே நாளில் கொட்டும், மண் தாங்காது, அதற்கு முன் இறங்கிவிட வேண்டும் என்றார். நான் தமிழில் சொன்னேன்.

"கடலு சூடானா மீனு வேகட்டும். நமக்கு வெறகு மிச்சம்" என்றார் ஒரு கிழவர். மடுவமே சிரித்தது.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் எழுந்தார். ஏழு வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டி நிற்கும் அக்காவின் லயத்தில்தான் அவரும் இருந்தார். "நம்ம லயத்துக்குப் பின்னால மண்ணு எப்ப சரியும்னு கேளு."

நிச்சயமாகச் சொல்ல முடியாது, வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான் என்றார் மிஸ். அதையும் அப்படியே சொன்னேன்.

"அவங்களுக்கு நிச்சயமா தெரியாதாம். நாம மட்டும் நிச்சயமா எறங்கிப் போகணுமாம்" என்றாள் அக்கா. அதற்கு யாரும் சிரிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு வாரம் என்று சொல்லி இறக்கிய குடும்பங்கள் கூடாரத்திலேயே கிடந்தன. அதற்குள் அந்தத் தோட்டத்து மேனேஜர் தொர அவர்களுடைய லயத்துக் கூரையைக் கழற்றிவிட்டார். இது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மிஸ்ஸுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. மொழிபெயர்க்கிறவன் சொந்தமாகப் பேசக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவின் காய்கறிப் பாத்திக்குப் பக்கத்தில் மழை அளக்கும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கம்பத்தில் கட்டினார்கள். தினமும் காலையில் தண்ணீரின் அளவைக் கொப்பியில் எழுதிவிட்டு ஊற்றிவிட வேண்டும். சிவப்புக் கோட்டைத் தாண்டினால் ஏழு குடும்பமும் கீழே பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். ஆபத்தான லயம் என்று இந்த அளவுகள் காட்டினால், வேறு இடத்தில் காணியும் வீடும் தரும் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்றும் மிஸ் சொன்னார். பட்டியல்கள் பலவற்றைப் பார்த்தவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாத மழை. காலையில் அக்கா தலையில் உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு போய், குழாயைச் சாய்த்துப் பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு மீதியை எழுதினாள்.

"என்னாக்கா செய்ற?"

"கூடிப்போச்சு. கொறைச்சேன்."

"உப்பு கூடுன கறியா அது?"

"வாய மூடு. கோட்டைத் தாண்டுனா எறங்கச் சொல்லுவாங்க. எறங்குனா தொர பூட்டுப் போட்டுருவாரு. நீ எந்தக் கடை வாசல்லயும் படுத்துக்குவ. ரெண்டு புள்ளைய வச்சிக்கிட்டு நான் எங்க போறது?"

லயத்தில் எல்லோருக்கும் தெரிந்துதான் நடந்திருக்கிறது. எனக்கும் அவள் சொன்னதில்தான் நம்பிக்கை. கொப்பியை நனையாமல் உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

மழைக்காலம் முடிந்து, பட்டியலைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்கு மிஸ் என்னையும் தலைவரையும் கூட்டிப்போனார். அதிகாரி கொப்பியைப் புரட்டினார்.

"இந்த லயத்தில் ஒரு நாள்கூடக் கோட்டைத் தாண்டவில்லையே. பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்" என்றார் சிங்களத்தில்.

மழையில் கீழே பாதை உடைந்த வாரத்திலும் அளவு குறைவாக இருக்கிறது, கருவியில் பிழை இருக்கலாம் என்றார் மிஸ். அதிகாரி அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டார். தலைவருக்கும் ஓரளவு சிங்களம் புரியும். வாயைத் திறக்காதே என்று மேசைக்கடியில் என் தொடையை அழுத்தினார்.

"கருவி சரிதான் மாத்தயா. தண்ணியைக் கொட்டியது எங்கள் ஆட்கள். என் அக்காதான்" என்றேன்.

"அப்படியானால் உங்கள் கொப்பியை எப்படி நம்புவது?"

மிஸ் என் பக்கம் திரும்பி, ஏன் கொட்டினார்கள் என்று கேட்டார். கூரை கழற்றிய கதையை அப்போதுதான் சொன்னேன். அதை அவர் எழுதிக்கொண்டார். அதிகாரி எங்கள் லயத்தை வெட்டவும் இல்லை, சேர்க்கவும் இல்லை. இன்னொரு மழைக்காலம் அளந்துவிட்டு வாருங்கள் என்றார்.

"மானத்த வாங்கிட்டியேடா" என்றார் தலைவர், பஸ்ஸில்.

"மானத்த வச்சு கூரை போடலாமா தலைவரே?"

அக்கா மூன்று நாள் எனக்குத் தேத்தண்ணி தரவில்லை.

அடுத்த முறை மிஸ் படம் கொண்டுவரவில்லை. அக்காவின் அடுப்படியில் உட்கார்ந்து, என்ன செய்தால் இறங்குவீர்கள் என்று கேட்டார். பூட்டுப் போடமாட்டோம், கூரையில் கைவைக்கமாட்டோம் என்று தொர கையெழுத்தில் கடிதம் வேண்டும் என்றாள் அக்கா. வாங்கித் தருவதாகச் சொல்ல முடியாது, கேட்டுப் பார்க்கிறேன் என்றார் மிஸ். பல வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தலைவர் அதை வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தார்.

இந்த வைகாசியில் தண்ணீர் கோட்டைத் தாண்டியது. அக்கா முழுசாக எழுதினாள். ஏழு குடும்பமும் இறங்கின. மறுநாள் திரும்பியபோது கதவும் கூரையும் இருந்தன, மலையும் சரியவில்லை.

பட்டியல் இன்னும் வரவில்லை. ஆபீசில் யாராவது அளவைக் குறைத்துவிடுவார்களோ என்பதுதான் அக்காவின் இப்போதைய சந்தேகம். ஒவ்வொரு காலையும் குழாயைப் படமெடுத்து, நான் எந்த ஊரில் இருந்தாலும் எனக்கு அனுப்புகிறாள். ஒன்றையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.