தறிக்குழித் தேரை

எங்கள் வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்கள். ஒருவர் சித்தப்பா. தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதித்து மிதித்து நெய்துகொண்டே இருப்பார். இன்னொருவர் அந்தக் குழியின் மூலையில் குந்தியிருந்த தேரை. ஒருநாள் சித்தப்பாவின் பெருவிரலைப் புழு என்று நினைத்து நாக்கை நீட்டிவிட்டது. அன்று அவர் துள்ளிய துள்ளலைச் சொன்னால் பொழுது போய்விடும்.

அத்தைக்குக் கல்யாணம் வந்தது. பெண்ணழைப்புப் புடவையைத் தன் அண்ணன்தான் நெய்ய வேண்டும் என்று அத்தைக்கு ஒரே பிடிவாதம். அரக்கு நிறம், மாம்பழ நிறக் கரை. பாதி வளர்ந்திருந்தபோது, ஆசையாகப் பார்க்கக் குனிந்தவள் குழியையும் பார்த்துவிட்டாள்.

"ஐயோ சின்னண்ணா! தேரை மோந்தா தேங்காயே சொத்தையா பூடும். என் பொடவை இன்னாத்துக்கு ஆவும்?"

"அது பாட்டுக்கு குந்திகினு கீது. உன் பொடவைய அதுவா கட்டிக்கப் போவுது?"

அத்தை கேட்கவில்லை. தேரையை முறத்தில் வாரிக் குட்டையோரம் விட்டுவிட்டு வந்து, தலைக்குக் குளித்தாள்.

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைக்குக் கஞ்சி போட்டிருப்போம். தேரை இருந்தவரை தலைகாட்டாத பாச்சைப் பூச்சிகள், கல்யாணச் சாப்பாட்டுக்கு வருவதுபோல் சொந்தபந்தத்தோடு வந்தன. கஞ்சியோடு இழையையும் கடித்தன. இப்போது போல் அடிக்கிற மருந்தெல்லாம் அப்போது ஏது? சித்தப்பா ஒரு பக்கம் முடிச்சுப் போட்டால் மறுபக்கம் அறுந்து தொங்கியது.

"பேஜாராப் போச்சும்மா. உனுக்குப் பொடவை கெடையாது, முடிச்சுதான்."

"ஆரணிப் பொண்ணு கடைப் பொடவையில வந்து எறங்குனா மாப்ளை ஊரு படவேட்டுல சிரிக்க மாட்டாங்களா?" என்று அழுத அத்தை, அழுதுகொண்டே முறத்தை எடுத்தாள். நானும் பின்னால் ஓடினேன்.

முகமெல்லாம் நலங்கு மஞ்சளோடு குட்டையோரம் குந்தி, "கோச்சிக்காதப்பா, ஜல்தி வந்துடு" என்று புதர் புதராகக் கெஞ்சினாள். துணி துவைத்தவர்கள், "இன்னாம்மா, மாப்ளையா உள்ள கீறாரு?" என்று கேட்டார்கள்.

ஒரு தேரை கிடைத்தது. பழைய ஆள்தானா என்று எப்படித் தெரியும்? அதைக் குழியில் விட்டு, சித்தப்பாவை உட்காரவைத்துப் பெருவிரலை ஆட்டச் சொன்னாள் அத்தை. நாக்கு நீண்டது. சித்தப்பா துள்ளினார்.

"அதேதான்!" என்று கைதட்டினாள்.

பூச்சிகள் குறைந்தன, புடவை முடிந்து தறியிலிருந்து இறங்கியது. அத்தை தேரைக்குக் குங்குமம் வைக்கப் போனாள். அது அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு பாச்சையைத் துரத்திக்கொண்டு போனது.

எங்களுக்காகத்தான் அது காவல் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். பாவம், அதற்குப் பசி. அந்தப் பசியில்தான் அத்தை தலைநிமிர்ந்து படவேடு போனாள். சுவரில் பல்லி, மோட்டுவளையில் சிலந்தி, குழியில் தேரை என்று வீடு நிறைய ஆள் இருந்தும், உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், அதுவரை நான் மனிதர்களை மட்டும் விரல்விட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.