பெயர் எழுதாத சீட்டு

என் கையெழுத்து மோசமாக இருக்கும், எழுத்துப்பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் கோடையில், செஞ்சி திண்டிவனம் சாலையில் ஒரு செல்போன் கடை மாடியில் நடந்தது இது. நான் ஆட்டோ ஓட்டுகிறேன். அதற்குச் சில மாதம் முன்பு, கோட்டை பார்க்க வந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி இறங்கும்போது என்னவோ கேட்டார்கள். புரியாமலே ‘யெஸ் யெஸ்’ என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நான் திரும்ப வருவேன் என்று நம்பி, கோட்டை இருக்கிற ராஜகிரி மலை அடிவாரத்தில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றார்களாம். அந்த வெட்கத்தில்தான் ஞாயிறு காலை இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன்.

எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். நான் கடைசி பெஞ்சு. கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்காக மேசைமேல் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். பெயர் எழுதாமல் சந்தேகத்தைச் சீட்டில் எழுதிப் போடலாம். நான்கு வாரம் யோசித்து நானும் ஒன்று போட்டேன். ‘சந்தேகம்: ஐ கோ, யூ கோ என்கிறோம். அவன் போனால் மட்டும் கோஸ். அவனுக்கு மட்டும் எதற்கு அந்த எஸ்?’

மாஸ்டர் சீட்டைப் பிரித்தார்.

“இன்னாபா இது, கோழி கிளறுன மாரி இருக்குது. சந்தேகம்னு எழுதறதுலயே தப்பு. எந்த எல்.கே.ஜி. புள்ள எழுதுனது?”

வகுப்பே சிரித்தது. பதில் சொல்லாமல் அதைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

ஐந்தாம் வகுப்பிலும் இப்படித்தான் என் நோட்டைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. இப்போதும் படியிறங்கிப் போய்விட்டால் இனி எந்த வகுப்பிலும் ஏறமாட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

எழுந்து போய்க் கூடையிலிருந்து சீட்டை எடுத்து நீவினேன்.

“நான்தான் சார் எழுதுனேன். பதில் சொல்லுங்க.”

“ரூல்ணா அது. மனப்பாடம் பண்ணிட்டு உக்காருங்க.”

“ரூல்னு தெரியுது சார். ஏன்னுதான் கேக்கறேன்.”

“சவாரி ஓட்டறதுக்கு இது போதும்ணா.”

“எனக்கு எது போதும்னு நான் சொல்றேன் சார். நீங்க பதில் சொல்லுங்க.”

நான் உட்காரவில்லை. முன் பெஞ்சில் நர்சிங் படிக்கிற பெண் மெதுவாகச் சொன்னாள்.

“எனக்கும் அதே டவுட்தான் சார். ஸ்கூல்லேர்ந்து கேக்காமயே எழுதிட்டு வந்துட்டேன்.”

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

“தெரியலண்ணா. பாத்துட்டு அடுத்த வாரம் சொல்றேன்.”

சொன்னார். போகிறேன், போகிறாய், போகிறான் என்று நமக்கு இருப்பதுபோல இங்கிலீஷுக்கும் ஒரு காலத்தில் ஆளுக்கொரு வால் இருந்ததாம். தேய்ந்து தேய்ந்து இது ஒன்றுதான் மிச்சமாம்.

பதிலைவிட, அன்று நான் படியிறங்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிது. இப்போதும் சீட்டு போடுகிறேன். பெட்டிமேல் ‘பெயர் வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறது. நான் என் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டுத்தான் சந்தேகத்தை எழுதுகிறேன். தப்பாக எழுதியது யார் என்று இனி யாரும் தேட வேண்டியதில்லை.

எழுதி முடித்தது: ஆவணி 6, ஞாயிற்றுக்கிழமை.