ரயில் வராத தண்டவாளம்

அடையாறில் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு சிறுவர் பூங்கா இருந்தது. இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூர், மந்தைவெளிக் குடும்பங்கள் சிலவற்றுக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். கையால் சுற்றும் ராட்டினம் ஒன்று, மரக்குதிரைகள் வட்டமடிக்கும் குடை ராட்டினம் ஒன்று, சறுக்குமரம், ஊஞ்சல், வாசலில் வேர்க்கடலை. அவ்வளவுதான். கடற்கரைக்குப் போனால் காற்று இலவசம், மணல் இலவசம் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? வாரம் தவறாமல் பஸ் ஏறினோம்.

எங்கள் வீட்டில் அந்தப் பைத்தியம் முற்றியிருந்தது என் தங்கைக்கு. அவளுக்குக் கைக்குழந்தையில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிவிட்டது. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் போட்டு, மெதுவாக, ஆனால் யாரையும் பிடிக்காமல் நடப்பாள். எந்தக் குதிரை கிறீச்சிடும், எந்தக் குதிரைக்கு வால் ஆணி கழன்றிருக்கிறது என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். சின்னவளாக இருந்தவரை ராட்டினக்காரர் அவளை அலாக்காகத் தூக்கித் தொட்டிலில் உட்கார வைப்பார். பத்துப் பதினோரு வயது வந்ததும் ஒரு நாள், "மாமா, என்னை மூட்டை மாதிரி தூக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டாள். அவர் திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். அவளாக ஏற முடியுமா என்றால், முடியாது. தொட்டில் ஆடும், படி உயரம், குதிரைக்கோ காலைத் தூக்கிப் போட வேண்டும். அன்றிலிருந்து அவள் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புகளையும் டிபன் பையையும் பார்த்துக்கொள்வாள். வராமல் மட்டும் இருக்க மாட்டாள்.

பூங்காவின் சொந்தக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். தி.நகரில் ஜவுளிக்கடை. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு இங்கே வந்து, வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, தானே டிக்கெட்டைக் கிழிப்பார். ஆனால் பூங்காவில் புதிதாக ஒன்றைப் போடுங்கள் என்றால் மட்டும் மனிதருக்குக் காது மந்தம்.

"என்ன அண்ணாச்சி, எப்பத்தான் புதுசா ஏதாவது போடப் போறேள்?" என்று அம்மா கேட்பாள்.

"வந்துக்கிட்டே இருக்கு மாமி. தீபாவளி ஏவாரம் முடியட்டும், பாருங்க."

தீபாவளி முடியும். பொங்கல் வரும். பொங்கலுக்குக் குதிரைகளுக்குப் பெயிண்ட் அடிப்பார். போன வருஷம் பச்சையாக இருந்த குதிரை இந்த வருஷம் நீலம். இதுதான் புதுமை! எங்களைப் போன்ற வாடிக்கைக் குடும்பங்கள் பெஞ்சைச் சுற்றி நின்றுகொண்டு வயிறெரிவோம். ஜவுளிக்கடைக்கு மட்டும் மாடிமேல் மாடி கட்டத் தெரிகிறதே, இங்கே ஒரு ஆணி அடிக்க இந்த மனிதருக்கு மனசு வரவில்லையே என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வரும். அப்போது எனக்கு பி.யூ.சி. முடித்து டைப்ரைட்டிங் கற்றுக்கொள்கிற வயது. வாய் கொஞ்சம் நீளம். இப்போதும் அப்படித்தான்.

ஒரு நாள் வாசலில் பெரிய தட்டி வைத்திருந்தார். 'விரைவில்! குழந்தைகள் ரயில்!' புகை விடும் எஞ்சின், இரண்டு பெட்டி, சன்னல்களில் சிரிக்கிற முகங்கள் எல்லாம் வரைந்திருந்தது. என் தங்கை அதன் முன்னால் நின்றவள் நகரவில்லை. பிறகு நேரே அண்ணாச்சியிடம் போனாள்.

"பெட்டிக்குப் படி எவ்வளவு உயரம், அண்ணாச்சி?"

அவர் யோசித்துவிட்டுத் தன் முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். "இம்புட்டுத்தான். பிடிச்சு ஏற ரெண்டு பக்கமும் கம்பி இருக்கும். நீயே ஏறிக்கிடலாம் பாப்பா."

வீட்டுக்கு வந்ததும் மாடிப்படியின் முதல் படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். "என்னடி பண்ணிண்டிருக்கே?" என்று அம்மா கேட்டதற்கு, "ஒண்ணுமில்லே" என்றாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறேழு மாதம் கழித்துத் தண்டவாளம் வந்தது. பூங்காவின் மதிலை ஒட்டி, ஊஞ்சலுக்குப் பின்னால் வளைந்து, மைதானம் முழுவதும் ஒரு பெரிய வளையம். என் தங்கை அதன் ஓரமாகவே ஒரு முழுச் சுற்று நடந்தாள். காலில் கம்பி உரசிப் புண்ணாகியும் நிற்கவில்லை. அடுத்த வாரம் ரயில் என்றார் அண்ணாச்சி. அடுத்த வாரம் போனோம். ரயில் இல்லை. கோயம்புத்தூரில் எஞ்சின் தயாராகிக்கொண்டிருக்கிறது என்றார். மழைக்காலம் வந்தது. தண்டவாளம் துரு ஏறியது, நடுவில் புல் முளைத்தது, காவல்காரர் அதில் ஆட்டைக் கட்டினார். வாசல் தட்டி மட்டும் வெளுக்க வெளுக்கப் புது வர்ணம் கண்டது.

ராட்டினக்காரருக்கு வீடு பட்டினப்பாக்கம். வார நாட்களில் கட்டுமரம், ஞாயிற்றுக்கிழமை ராட்டினம். ரயில் வந்தால் அதை ஓட்டப்போவது அவர்தான் என்று பேச்சு. அவரிடம் கேட்டேன்.

"இன்னாத்த சொல்றது? வல கீது, மீனு இல்ல. எங்க மொதலாளி கத அப்டித்தான் ஓடிக்கினு கீது" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மயிலாப்பூர்க் குளத்தங்கரைக் காய்கறிக்கடையில், பால் பூத்தில், டைப்ரைட்டிங் வகுப்பில், பூங்காவுக்கு வருகிற ஒவ்வொரு குடும்பத்தையும் பிடித்தேன். ரயில் வருகிறவரை ஒருத்தரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது, கூட்டம் இல்லை என்றால்தான் மனிதருக்கு உறைக்கும் என்றேன். எல்லோருக்கும் இதே எரிச்சல்தானே, சரி என்றார்கள். ஒரே ஒருத்தி மட்டும் எதிர்த்தாள்.

"நான் போகணும். குதிரை என்ன பண்ணித்து?" என்றாள் என் தங்கை.

"உனக்காகத்தாண்டி இதெல்லாம்."

"எனக்காகன்னா என்னைக் கேட்டிருக்கணும்."

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ரேடியோப் பக்கத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பூங்கா ஈயடித்தது. எனக்கு உள்ளூரக் குஷி. அண்ணாச்சி இந்நேரம் கோயம்புத்தூருக்கு ஓடியிருப்பார் என்று கணக்குப் போட்டேன்.

அவர் கோயம்புத்தூருக்கு ஓடவில்லை. ஜோசியரிடம் ஓடினார்.

ஒரு நாள் அம்மா காய்கறிப் பையோடு மூச்சு வாங்க வந்தாள். "ஏண்டி, அடையாறு பார்க்குல பிள்ளையார் கோயில் கட்டறாராமே! அடுத்த வெள்ளிக்கிழமை கும்பாபிஷேகமாம். ஆத்துல எல்லாரும் வரணும்னு ஆள் விட்டுச் சொல்லியிருக்கார்."

"நாமதான் போகக்கூடாதுன்னு முடிவு பண்ணியிருக்கோமே?"

"பார்க்குக்குத்தானேடி போகக்கூடாது? பிள்ளையார் என்ன பண்ணினார்?"

போராட்டம் அன்றோடு படுத்துவிட்டது. என்னோடு கைகோத்து நின்ற அத்தனை குடும்பமும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தேங்காய் பழத்தோடு பஸ் ஏறியது. நானும்தான் போனேன். நாதஸ்வரம், சர்க்கரைப் பொங்கல், ஏகக் கூட்டம். கைகூப்பிக்கொண்டு நின்ற என் இடுப்பில் தங்கை இடித்தாள்.

"அக்கா, பிள்ளையார் தண்டவாளத்து மேலே உக்காந்துண்டிருக்கார்."

பார்த்தேன். ஐயோ! மைதானத்தின் வடகிழக்கு மூலை. ஒரு பக்கம் பீடத்துக்கு அடியில் நுழைகிற தண்டவாளம் மறுபக்கம் வெளியே வருகிறது. பின்னால் ஓர் ஆள் பிரதட்சிணம் வர மட்டும் இடம் விட்டு மதில். தண்டவாளத்தை வளைத்துக்கொண்டு போகவும் வழியில்லை. இனிமேல் ரயில் வந்தாலும் வளையமாக ஓட முடியாது. பிள்ளையாரை அசைக்க யாருக்குத் தைரியம் வரும்?

கூட்டம் கலைந்ததும் அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் என்ன செய்யதும்மா?" என்றார். "தண்டவாளம் போட்டது ஊரு கண்ணை உறுத்திட்டு. அதுக்கப்புறம் ஒரு ஈ காக்கா வரல. ஈசானிய மூலையில பிள்ளையாரை வச்சாத்தான் திருஷ்டி கழியும்னு ஜோசியரு சொல்லிட்டாரு. எஞ்சினுக்கு வச்சிருந்ததை எடுத்துத்தான் இதைச் செஞ்சேன்."

"திருஷ்டியும் இல்லை, ஒண்ணும் இல்லை. நீங்க ரயில் விடலேன்னு நாங்கதான் பேசிவச்சுண்டு வராம இருந்தோம்" என்று போட்டு உடைத்தேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்கள்லாம் அப்படிச் செய்யக்கூடிய ஆளுகளாம்மா? உங்களுக்கு அப்படித் தோண வச்சதே அந்தக் கண்ணுதாம்மா."

தலையில் அடித்துக்கொண்டேன்.

பிள்ளையார் வந்த பிறகு கூட்டம் அலைமோதியது. திருவான்மியூரிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். சாமி கும்பிட வந்தவர்கள் குழந்தையைக் குதிரையில் ஏற்றிவிட்டுப் போனார்கள். அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. கூட்டம்தான் வருகிறதே, ரயில் எதற்கு? வாசல் தட்டியைக்கூட ஒரு நாள் எடுத்துவிட்டு அந்த இடத்தில் சதுர்த்தி பூஜை நேரத்தை எழுதி வைத்தார்கள். நான் சண்டை போட்டு அலுத்துவிட்டேன். தங்கை பழையபடி பெஞ்சில் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்க எனக்குத்தான் பொறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி கையில் விபூதியோடு அவளிடம் வந்தார். அவர் மனசில் துளிக் கள்ளம் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"பாப்பா, சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதே. பிள்ளையாரை ஒரு மண்டலம் விடாம சுத்திப் பாரு. கால் சரியாப் போயிரும். ரொம்ப சக்தியுள்ள சாமி."

அவள் விபூதியை வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் உங்ககிட்டே காலா கேட்டேன் அண்ணாச்சி? ரயில்தானே கேட்டேன்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாசலுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தவர் அன்று அதன்பின் டிக்கெட் கிழிக்கவில்லை. ராட்டினக்காரர்தான் ஓடி ஓடி வாசலையும் ராட்டினத்தையும் பார்த்துக்கொண்டார்.

மறுவாரம் அண்ணாச்சி இல்லை. கோயம்புத்தூர் போயிருக்கிறார் என்றார்கள். நான் நம்பவில்லை. இது எத்தனையாவது கோயம்புத்தூர்? ஆனால் தை பிறந்து கொஞ்ச நாளில் லாரியில் ரயில் வந்து இறங்கியது. தகரத்தில் செய்த எஞ்சின், உள்ளே பம்ப்செட் மோட்டார், பின்னால் திறந்த பெட்டிகள் இரண்டு. பிள்ளையாருக்கு இந்தப் பக்கத்தில் புறப்பட்டு மைதானத்தைச் சுற்றி அந்தப் பக்கத்தில் நிற்கும். பிறகு அதே வழியில் பின்னாலேயே திரும்பி வரும். வாடிக்கைக் குடும்பங்களுக்கு இதுவும் பிடிக்கவில்லை. "இதுக்கா இத்தனை வருஷம் காத்திண்டிருந்தோம்? எருமை மாடே வேகமாப் போகும்" என்று பெஞ்சைச் சுற்றி ஒரே முணுமுணுப்பு.

முதல் நாள் முதல் ஓட்டம். ராட்டினக்காரர் காக்கிச் சட்டை போட்டு எஞ்சினில் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி தேங்காய் உடைத்துவிட்டு, ஏறப் பார்த்த பையன்களைக் கையால் தடுத்தார். "பொறுங்கடே" என்றார். பெஞ்சுப் பக்கம் பார்த்தார்.

என் தங்கை நடந்து வந்தாள். அப்போது பாவாடை தாவணி போட ஆரம்பித்திருந்தாள். படி அவர் காட்டிய உயரம்தான், கம்பியும் இருந்தது. பழக்கதோஷம், நான் கையை நீட்டினேன்.

"கையை எடு அக்கா" என்றாள்.

எடுத்தேன். நல்ல காலை வைத்தாள். கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொண்டு அந்தக் காலையும் மேலே கொண்டுவந்தாள். பூட்ஸ் தகரத்தில் டங்கென்று இடித்தது. முன் பெஞ்சில் போய் உட்கார்ந்து தாவணியைச் சரிசெய்துகொண்டாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் மறைத்தது. அழுதேன், அதில் என்ன வெட்கம்?

ரயில் உறுமிக்கொண்டு போனது, நின்றது, பின்னாலேயே வந்தது. மற்ற குழந்தைகள் கத்தின. அவள் மட்டும் வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தாள். மறுபடி, மறுபடி என்று வெயில் தாழும்வரை போய் வந்தாள். யாரும் அவளை இறங்கு என்று சொல்லவில்லை. கடைசியில் தானாகவே இறங்கினாள். இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது, நேரம் பிடித்தது, எல்லோரும் நின்றோம்.

அண்ணாச்சி கைகட்டிக்கொண்டு, பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார். "எப்படி இருக்கு பாப்பா?" என்றார்.

"நன்னா இருக்கு" என்றாள். தாவணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்தது என்ன போடப் போறேள் அண்ணாச்சி?"