கேட்டில் நின்ற கார்

நெதர்லாந்துக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிற பெல்ஜியத்தைப் பற்றிய வீடியோ ஒன்றைப் போன வாரம் என் மகன் காட்டினான். எல்லைக்கோடு ஒரு வீட்டின் வாசல் நடுவிலேயே போகிறது. அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படிப்பட்ட ஒரு துண்டில்தான் நான் வளர்ந்தேன்.

லோத்குண்டாவில் எங்கள் காலனிக்கு நாலு பக்கமும் ராணுவ நிலம். வெளியே போக ஒரே ரோடு, அதில் ஒரு கேட், கேட்டில் துப்பாக்கியோடு ஒரு ஜவான். வீட்டுக்கு யாராவது வருவதென்றால் முந்தின நாளே அங்கே பெயரைச் சொல்லி வைக்க வேண்டும். இல்லையென்றால் பிரதமருடைய மாமாவானாலும் திரும்ப வேண்டியதுதான். சொந்த வீட்டுக்கு ஆளைக் கூப்பிட அடுத்தவனிடம் அனுமதி! பாதுகாப்புத் துறை ஆலையில் வேலை பார்த்த அப்பாவுக்கு மட்டும் இதில் ஒரு பெருமை. நம்மைக் காப்பதற்குத்தானே என்பார்.

எனக்கு எட்டு வயதில், அப்பாவின் தங்கையான அத்தையைப் பெண் பார்க்கச் சென்னையிலிருந்து வந்தார்கள். இடம் பார்த்தது, பேசியது, நாள் குறித்தது எல்லாம் அப்பா. கேட்டில் பெயர் சொல்லும் பொறுப்பு மட்டும் அத்தைக்கு. பேகம்பேட் ஆபீஸிலிருந்து தினமும் அந்த வழியாகத்தான் திரும்புவாள், ஹிந்தியும் அவளுக்குத்தான் நன்றாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கார் கேட்டில் நின்றுவிட்டது. போன் வந்ததும் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார், பின்னாலேயே நான். யார் பெயரும் வரவில்லை என்றான் ஜவான். அதிகாரி சொன்னால்தான் விடுவானாம், அதிகாரி வர ஐந்தாகுமாம். நாலரைக்கு ராகு காலம். அப்பா வாட்சைப் பார்த்துப் பார்த்துக் கெஞ்சினாரே தவிர ஒரு வார்த்தை அதட்டவில்லை. நான்தான் கத்தினேன்.

“ஹமாரா கர் ஹை, கைக்கு ரோக்தே?”

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களைத் தடுக்க நீ யார் என்றுதான் கேட்டேன். அவன் கோபப்படவில்லை. நேற்று உங்கள் வீட்டு அக்காவிடம் நானே கேட்டேன், யாரும் வரவில்லை என்று சொன்னார் என்றான். எத்தனை நெஞ்சழுத்தம் இருந்தால் இப்படிப் புளுகுவான்? அப்பாவும் அதைத்தான் நினைத்திருப்பார், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

நாலரை ஆயிற்று. மாப்பிள்ளையின் அம்மா கார்க் கண்ணாடியை இறக்கினார்.

“பொண்ணு பாக்க வந்தோமா, பார்டர் தாண்ட வந்தோமா?”

கார் திரும்பியது. சம்பந்தம் அதோடு சரி.

வீட்டுக்கு வந்து அத்தையின் பட்டுப்புடவை மடியில் விழுந்து அழுதேன். அந்த ஜவான் பெரிய புளுகன், பெரியவளானதும் கேட்டையே பெயர்த்து எறிவேன் என்றேன். அத்தை எனக்குக் கேசரி ஊட்டினாள். தானும் ஒரு கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டாள். கொஞ்சமும் வருத்தமில்லாமல் எப்படித் தின்கிறாள் என்று அவள் மீதும் எனக்கு ஆத்திரம்.

அப்பா இறந்த பிறகுதான் அத்தை அதைப் பற்றி வாய் திறந்தாள்.

“அண்ணன்கிட்ட வேண்டாம்னு சொல்லிட முடியுமா? யாராவது வராங்களான்னு கேட்ல நின்ன அந்தப் பையன் ஒருத்தன்தான் என்னைக் கேட்டான். அவன்கிட்ட சொல்லிட்டேன்.”

அவன் மேல் இத்தனை வருஷம் வைத்திருந்த கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. எட்டு வயதில் எனக்குத் தெரிந்த கேட் அது ஒன்றுதான்.